பாலாறு செக்போஸ்ட்டில் வரும் வாடை

"ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டலைங்க, வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு சர்வீஸ் சென்டரில் சொல்லி அனுப்பிய காரைப் போன மாதம் என்னிடம் கொண்டுவந்தார்கள். பானெட்டைத் தூக்கும் முன்பே ஆயில் கருகும் வாடை. டேப்பெட் கவரில் கசிந்த ஆயில் மேனிஃபோல்டில் சொட்டுவதைக் கண்டு சொல்ல எந்தக் காரில் சென்சார் வைத்திருக்கிறார்கள்? பட்டறையை மகனிடம் விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவனை அந்த ஒரு பதில்தான் எழுத வைத்தது.

எங்கள் பட்டறை மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. பாலாற்றைத் தாண்டினால் கர்நாடகம். வேலூர்ப் பாலாறு வேறு. இது மேட்டூர் நீர்த்தேக்கத்தில் காவிரியோடு சேர்வது. அக்கரை 1997-லேயே சாமராஜநகர் மாவட்டமாகிவிட்டது, ஆனாலும் எங்கள் பெரியவர்கள் வாயில் இன்னும் மைசூர் மாவட்டம்தான். பாலாறு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 1993-ல் வீரப்பன் வைத்த கண்ணிவெடி நினைவுக்கு வரும். எங்களுக்கு செக்போஸ்ட்தான். அமாவாசைக்கும் சிவராத்திரிக்கும் மலைக்குப் போய்வரும் வண்டிகள் அங்கே வரிசையில் நிற்கும். அந்த வரிசையில்தான் பலருக்கு முதன்முதலாக வாடை தெரியும். ஓடுகிறவரை காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நின்றதும் பானெட்டுக்குள் இருக்கிற சூட்டோடு மேலே கிளம்பி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக உள்ளே வருகிறது. "செக்போஸ்ட் வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க" என்பார்கள். அது வரைக்கும் இல்லாமல் இல்லை.

என் மேஸ்திரி அம்பாசிடரில் தொழில் பழகியவர். வாடை என்று யார் வந்தாலும் ஸ்பேனரைத் தொட விடமாட்டார். ஏறும்போதா, இறங்கும்போதா, நின்ற பிறகா? இதற்குப் பதில் வந்தாக வேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்த வண்டி என்றால் முதலில் சக்கரத்துக்குப் பக்கத்தில் மூக்கை வைப்பார். பாதிப் பேர் ஆயில் வாடை என்று கொண்டுவருவது பிரேக் வாடை. செகண்ட் கியரில் இறங்க வேண்டிய இடத்தில் டாப்பில் விட்டுப் பிரேக்கை மிதித்தபடியே வந்திருப்பார்கள். இறங்கி வந்து திரும்ப ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது நீலப்புகை வந்தால் வால்வு சீல். இறக்கத்தில் திராட்டில் மூடியிருக்கையில் இன்ஜின் இழுக்கிற இழுப்பில் ஆயில் கைடு வழியாக உள்ளே இறங்குகிறது. ஏற்றத்தில் தம் கட்டும்போதே நீலப்புகை என்றால் ரிங். புகையே இல்லை, வாடை மட்டும் என்றால் ஆயில் வெளியே ஒழுகுகிறது. இதைச் சொல்ல எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம்.

ஆனால் ஒரு ஆம்னி அவரையே உலுக்கியது. ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில். வாடை நேராக ஓட்டுகிறவன் மூக்குக்கு வரும். வாடகைக்கு ஓடிய வண்டி அது. மலைக்குப் போனால் வாடை, மேட்டூர் சேலம் போனால் ஒன்றுமில்லை. வேறு பட்டறைகளில் டேப்பெட் கவர் பேக்கிங்கை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். போட்டதும் சில வாரம் சரியாக இருக்கும், அப்புறம் மறுபடியும் வரும். கடைசியாகப் போட்டவர் பேக்கிங்கின் மேல் அனபாண்ட் சிலிக்கான் பசையையும் அப்பி, போல்ட்டை மூச்சுப்பிடித்து முறுக்கியிருந்தார். கவர் ஓரம் லேசாக வளைந்தே போயிருந்தது.

மேஸ்திரி எதையும் கழற்றவில்லை. டீசலும் பிரஷ்ஷும் கொடுத்து இன்ஜினைச் சுத்தமாகக் கழுவச் சொன்னார். காய்ந்த பிறகு மூஞ்சிக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவினார். கசிவு பவுடரில் கோடு போடும். அந்தக் கோட்டின் மேல்நுனியைப் பிடித்தால் ஆள் அகப்படுவான். ஆயில் கீழே இறங்கும், காற்றில் பின்னால் போகும். அதனால் ஈரம் இருக்கிற இடத்தைப் பார்த்துச் சீல் மாற்றுகிறவன் எப்போதும் ஏமாறுவான். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டோம். ஒரு கோடும் விழவில்லை. மலையடிவாரம் வரை ஓட்டி, கொஞ்சம் ஏற்றம் ஏறித் திரும்பினோம். கவரின் பின்மூலையிலிருந்து மேனிஃபோல்ட் பக்கமாக ஒரு கோடு. பேக்கிங் புதிது. அப்படியென்றால் உள்ளே இருந்து ஏதோ தள்ளுகிறது. டிப்ஸ்டிக்கை உருவச் சொன்னார். குழாயிலிருந்து புஸ்ஸென்று ஆவி. கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் பிரீதர் குழாய் உள்ளுக்குள் கருப்பு மண்டியில் அடைத்துக் கிடந்தது. சமவெளியில் அடைப்பைச் சமாளித்த இன்ஜின், ஏற்றத்தில் ரிங்கைத் தாண்டி வரும் காற்று கூடியதும், வழியில்லாமல் இளகின பேக்கிங்கைத் தள்ளிவிட்டிருக்கிறது. குழாயைச் சுத்தம் பண்ணி, கவர் ஓரத்தைத் தட்டி நேராக்கி, வெறும் பேக்கிங்கைப் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அளவாக இறுக்கினார். அனபாண்ட் ஒரு பொட்டுக்கூட இல்லை. அந்த வண்டி திரும்ப வாடையோடு வரவேயில்லை.

இதற்கு அவர் வாங்கிய கூலி ஒரு பேக்கிங் மாற்றும் கூலிதான். யோசித்ததற்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

இப்போதைய பையன்களைக் குறை சொல்லாதே என்கிறான் என் மகன். சொல்லாமல் என்ன செய்வது? சிலிக்கானைப் பற்பசை மாதிரிப் பிழிகிறார்கள். கூடுதலானது உள்பக்கம் பிதுங்கி, உரிந்து, ஆயில் சம்ப்பில் விழுந்து, ஸ்ட்ரெய்னரை அடைக்கும். கசிவை நிறுத்தப்போய் இன்ஜினையே பிடிக்க வைத்துவிடும். புது வண்டிகளில் அடியில் பிளாஸ்டிக் தட்டு வேறு. சொட்டு தரையில் விழாது. "ஆயில் சிந்தலையே" என்கிறார்கள். தட்டைக் கழற்றிப் பார்த்தால் அதில் ஆயில் குளம் கட்டி நிற்கும். ஆனால் தட்டுக்கு ஏழெட்டு கிளிப், அதைக் கழற்ற யாருக்கும் நேரமில்லை. இத்தனை மணிக்குள் இத்தனை வண்டி என்று கணக்கு வைத்து வேலை வாங்கும் இடத்தில் பவுடர் தூவி ஏற்றம் ஏறிப் பார்க்க எந்த சூப்பர்வைசர் விடுவார்? எனக்கு ஸ்கேனர் மேல் கோபமில்லை, என் மகனும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். அது சொல்லாததெல்லாம் இல்லாதது என்று வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

வாடிக்கையாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாடை என்று வண்டியை விட வருகிறவர்கள், வரும் வழியில் வாட்டர் வாஷ் கொடுத்து இன்ஜினைப் பளபளவென்று ஆக்கிக்கொண்டு வருகிறார்கள். கோடு, அழுக்கு, சொட்டு எல்லாம் போய்விடும். நான் மறுபடி மலை ஏறித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தயவு செய்து அழுக்காகவே கொண்டுவாருங்கள். எங்கே நின்றபோது வாடை வந்தது என்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.