அப்பம்மாவின் 14 வீடியோக்கள்

நான் வளர்ந்தது வோபர்னில், மார்க்கம் றோட்டுக்குப் பக்கத்தில் ஒரு அப்பாட்மென்டில். அப்பம்மாவும் நானும் ஒரே அறை. 2010இல் நான் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். இரவில் அவ கதை சொல்லுவா, நான் சின்னக் கமராவில் எடுப்பேன். இணுவில் வீடு, கிணற்றடி, புகையிலைத் தோட்டம், 1995 இடப்பெயர்வு. எல்லாமாக 14 வீடியோ.

என் கொம்பியூட்டரில் அப்போது லினக்ஸ். விண்டோஸில் ஒரு டிஸ்க்கைச் செருகினால் அதற்கென்று ஒரு எழுத்து வரும். யுனிக்ஸ் வழியில் அப்படியில்லை. முழுக் கொம்பியூட்டரும் ஒரே மரம். புது டிஸ்க்கை அந்த மரத்தில் ஏதாவதொரு ஃபோல்டரில் கொண்டுபோய்ப் பொருத்தவேண்டும். அதுதான் 'மவுண்ட்'. கழற்றுவதற்கு 'யுமவுண்ட்'. 'அன்மவுண்ட்' இல்லை, ஒரு 'என்' குறைவு. 1971இல் வந்த முதலாவது யுனிக்ஸ் கையேட்டிலேயே இந்த இரண்டும் இருக்கின்றன.

நான் 'பெட்டி' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். வெளி ஹார்ட் டிஸ்க்கை அதில்தான் மவுண்ட் பண்ணுவேன். ஒருநாள் இரவு 14 வீடியோவையும் 'பெட்டி'க்குள் கொப்பி பண்ணினேன். பிழை ஒன்றும் வரவில்லை. கமராக் கார்டை அழித்து, தங்கச்சியின் பிறந்தநாளுக்குப் படம் எடுக்கக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாரியில் அப்பம்மா போய்விட்டா. எட்டுச் செலவுக்கு முதல்நாள் அப்பா கேட்டார்: "தம்பி, அம்மா கதைக்கிறதை எடுத்தனியெல்லே, அதை ஒருக்காப் போடன்."

டிஸ்க்கை மவுண்ட் பண்ணிப் 'பெட்டி'யைத் திறந்தேன். பழைய பள்ளிக்கூட ஃபைல்கள் இருந்தன. அப்பம்மா இல்லை. "பிறகு தேடித் தாறன் அப்பா" என்று சொல்லிவிட்டு வந்து அறைக் கதவைப் பூட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

நாலைந்து மாதம் கழித்து, இடம் போதவில்லை என்று கொம்பியூட்டர் கத்தத் தொடங்கியது. 'டிஎஃப்' கட்டளை, உள் டிஸ்க்கில் 31 ஜிபி போய்விட்டது என்றது. 'டியு'வை அந்த டிஸ்க்குக்குள் மட்டும் கூட்டச் சொன்னால் 22 ஜிபிதான் வந்தது. மிச்சம் 9 ஜிபி எங்கே?

அப்போதுதான் விளங்கியது. ஒரு ஃபோல்டருக்கு மேல் டிஸ்க்கை மவுண்ட் பண்ணினால், அந்த ஃபோல்டரில் முன்பே இருந்தவை அழியாது, மறைந்துதான் போகும். பாயை விரித்தால் கீழே உள்ள தரை தெரியாததுபோல. கொப்பி பண்ணிய அன்றிரவு நான் டிஸ்க்கை மவுண்ட் பண்ணவே மறந்திருக்கிறேன். வீடியோக்கள் உள் டிஸ்க்கில் இருந்த வெறும் 'பெட்டி'க்குள் விழுந்திருக்கின்றன. பிறகு தேடிய ஒவ்வொரு முறையும் நானே அவற்றின்மேல் டிஸ்க்கைப் பொருத்தி மூடியிருக்கிறேன்.

கை நடுங்க 'யுமவுண்ட்' அடித்தேன். 'டிவைஸ் இஸ் பிஸி' என்றது. யாராவது உள்ளே நின்றால் கழற்ற விடாது. உள்ளே நின்றது யார்? என்னுடைய டெர்மினல்தான், 'பெட்டி'க்குள்ளேயே திறந்திருந்தது. வெளியே வந்து திரும்ப அடித்தேன். பிறகு பட்டியலைப் பார்த்தேன்.

14.

அன்றிரவு அப்பா நடுச்சாமம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது இதே வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்லுவது மூன்றே விஷயம். கொப்பி பண்ணமுதல் டிஸ்க் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கா என்று பாருங்கோ. 'மவுண்ட்பொயின்ட்' என்ற கட்டளையே அதற்கு இருக்கிறது. கழற்றாமல் வயரை இழுக்காதீர்கள். கொப்பி முடிந்தது என்று திரை காட்டினாலும் கொஞ்சம் இன்னும் மெமரியில் நிற்கலாம், 'யுமவுண்ட்' அதை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் விடும். மூன்றாவது, மற்றக் கொப்பியைத் திறந்து பார்க்காமல் முதல் கொப்பியை அழிக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போன ஏட்டுச்சுவடிகள் பலவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை.

உங்கள் வீட்டு அப்பம்மா, அம்மம்மா இன்னும் கதை சொல்லுகிறாவா? இந்தச் சனிக்கிழமையே எடுங்கோ. எடுத்தது எங்கே போய் விழுந்தது என்று அன்றிரவே திறந்து பாருங்கோ.