ஆவடி வரைக்கும் ஓடினால் அரை மாரத்தான்!

அதிகாலை 4.30 மணி. வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் லாரிகள் விரைகின்றன. நெமிலிச்சேரி சர்வீஸ் ரோட்டில் ஒருவர் மூச்சிரைக்க ஓடுகிறார். வயது 43. பாரிமுனையில் கணக்கர் வேலை. சர்க்கரை ஏறியதும் டாக்டர் நடக்கச் சொன்னார். டாக்டரைக் கேட்டுக்கொண்டே, நடையை மெல்ல மெல்ல ஓட்டமாக்கினார்.

அரை மாரத்தான் என்பது 21.0975 கி.மீ. முழு மாரத்தானான 42.195-ல் சரிபாதி. ரயில் கணக்கில் சென்ட்ரலிலிருந்து சுமார் ஆவடி வரை. முழுசு என்றால் திருவள்ளூர்!

ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு, ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் பெயர் கொடுத்தார். பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் தொடக்கம். அந்த இருட்டில் ரயிலை நம்ப முடியாது. நண்பரின் பைக்கில் போய்ச் சேர்ந்தார்.

கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில் முதல் பத்து கிலோமீட்டரில் வேகம் கூட்டியதுதான் தப்பு. தசையில் சேமித்த சத்து சீக்கிரம் கரைந்தது. பதினாறாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. விலகிவிடலாமா? பதக்கத்தோடு வருவதாக மகளிடம் சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. தண்ணீர் குடித்தார். காலை நீவிவிட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்தார். வலி குறைந்ததும், யார் முந்தினாலும் கவலைப்படாமல் மெதுவாக ஓடினார்.

2 மணி 51 நிமிடத்தில் எல்லைக் கோடு. பதக்கம் மகள் கழுத்துக்குப் போனது.

மறுநாள் வழக்கமான ரயில். ஆவடி வந்தது. அங்கிருந்து சென்ட்ரல் வரை ஒவ்வொரு ஸ்டேஷனாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். இத்தனை தூரமா!