கழற்றிப் பூட்டும் இறக்கை

தம் வீட்டுக் கொட்டகையில் சிறு விமானம் கட்டுவோருக்கு, கட்டி முடித்தபின் அதை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வரைபடத்தை விரிக்கும் நாளிலேயே எழுந்துவிடுகிறது. எட்டு மீட்டர் அகலத்துக்கு இறக்கை விரிந்த ஒரு பொருள் எந்தத் தெருவிலும் நுழையாது என்பதாலும், விமானத் திடல்களில் உள்ள கொட்டகைகளில் இடம் அரிதாகவும் வாடகை மிகுதியாகவும் இருப்பதாலும், இறக்கைகளைக் கழற்றி உடற்பகுதியோடு இழுவண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுசெல்லும் வழி இத்துறையில் நெடுங்காலமாகத் தேடப்பட்டு வந்துள்ளது.

இவ்வழக்கத்தின் வேர் கிளைடர் எனப்படும் எஞ்சினற்ற மிதவை விமானங்களில் இருக்கிறது. மேலெழும் காற்று ஓய்ந்தவுடன் கிடைத்த வயலில் இறங்க நேரும் கிளைடரைப் பிரித்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவது அவ்விளையாட்டின் அன்றாடப் பகுதியாதலால், இறக்கையை விரைவாகக் கழற்றும் கலை அங்கேதான் முதிர்ந்தது. எஞ்சின் பூட்டிய விமானங்களில், அமெரிக்கரான பீட் பவர்ஸ் வடிவமைத்து 1962இல் அந்நாட்டுச் சோதனை விமானச் சங்கத்தின் வடிவமைப்புப் போட்டியில் வென்ற மரவிமானமான ஃப்ளை பேபி, இறக்கைகளைப் பின்னோக்கி மடித்து உடலோடு ஒட்டவைக்கும் முறையைக் கையாண்டது. பிரிட்டனின் ஐவன் ஷா வடிவமைத்து 1992இல் முதன்முதலாகப் பறந்த யூரோப்பா, இறக்கைகளை முழுமையாகவே கழற்றிவிடும் கிளைடர் மரபைக் கண்ணாடியிழையில் செய்த இருவர் விமானத்துக்குக் கொண்டுவந்தது.

யூரோப்பாவின் அளவுகளே அதன் நோக்கத்தைக் கூறிவிடுகின்றன. இறக்கை நுனியிலிருந்து நுனிவரை சுமார் 8.3 மீட்டர் அகலமும் மூக்கிலிருந்து வால்வரை சுமார் 5.8 மீட்டர் நீளமும் உள்ள இவ்விமானத்தில் இறக்கைகள் நீங்கினால் எஞ்சும் உடற்பகுதி, சாதாரணக் காரின் பின்னால் இழுத்துச்செல்லத் தக்க ஒரு வண்டிக்குள் அடங்கிவிடும். பிரிட்டனில் இத்தகைய இழுவண்டியின் அகலம் 2.55 மீட்டரைத் தாண்டலாகாது என்ற சாலை விதியை, கட்டுபவர் காற்றியக்க விதிகளுக்கு நிகராக மனத்தில் வைத்தே வேலை செய்கிறார்.

இறக்கையின் சுமையைத் தாங்குவது ஸ்பார் எனப்படும் உள்விட்டமாகும்; வீட்டுக் கூரைக்கு உத்தரம் எப்படியோ, இறக்கைக்கு ஸ்பார் அப்படி. கழற்றும் இறக்கைகளில் பலவற்றுக்கு இவ்விட்டம் இறக்கையின் அடியோடு முடிந்துவிடாமல் ஒரு நாக்குப்போல் நீண்டு, உடற்பகுதியின் குறுக்கே புகுந்து, எதிர்ப்பக்க இறக்கையின் நாக்கோடு அருகருகே படிந்து நிற்க, இரண்டையும் ஊடுருவிச் செல்லும் எஃகு ஊசிகள் அவற்றை ஒன்றாக்குகின்றன. 600 கிலோ எடையுள்ள விமானம் சமதளமாகப் பறக்கையில் ஒவ்வோர் இறக்கையும் ஏறத்தாழ 300 கிலோவைத் தூக்குகிறது. அந்தத் தூக்கு விசை விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 1.75 மீட்டர் தொலைவில் செயற்படுவதாகவும் ஊசிகள் இரண்டுக்கும் இடைவெளி அரை மீட்டர் எனவும் கொண்டால், நெம்புகோல் கணக்கின்படி ஊசியின்மேல் விழும் விசை ஒரு டன்னைச் சற்றே தாண்டுகிறது. விமானம் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது இச்சுமை அப்படியே இரட்டிக்கிறது. விரல் பருமனுள்ள ஓர் ஊசியையும் அதன் துளையையும் கட்டுபவர்கள் ஏன் அவ்வளவு பொறுமையோடு இழைக்கிறார்கள் என்பதற்கு இக்கணக்கே விளக்கமாகும்.

துளையைச் சாதாரணத் துளைப்பானால் சற்றுச் சிறிதாக இட்டு, பின்னர் ரீமர் எனும் பல்வெட்டுக் கருவியால் இழையிழையாகச் சுரண்டிச் சரியான அளவுக்குக் கொண்டுவருவதே முறை. நூறு முறை கழற்றிப் பூட்டினால் துளை தேயும் என்பதால், புஷ் எனப்படும் உலோக வளையத்தைத் துளைக்குள் பதித்து, தேய்மானம் விட்டத்தைத் தொடாமல் வளையத்தோடு நிற்குமாறு செய்கிறார்கள். தளர்ந்த வளையத்தை மாற்றிவிடலாம். தளர்ந்த விட்டத்தோடு வேறு இறக்கைதான் கட்டவேண்டும்.

பூட்டும் வேலை நிகழும் திடலில், இருவரோ மூவரோ பங்கிட்டுச் செய்யும் ஓர் ஒழுங்கைக் காணலாம். யூரோப்பாவின் முதல் வடிவத்தில் உடலின் நடுவே ஒற்றைச் சக்கரம் மட்டுமே முதன்மைச் சக்கரமாக இருப்பதால், இறக்கையில்லாத உடற்பகுதி தானாக நிமிர்ந்து நில்லாது. எனவே அதை முதலில் தாங்கியில் நிலைநிறுத்துகிறார்கள். அடிப்பக்கத்தைப் பிடிப்பவர் நாக்கை உடலின் வாய்க்குள் வழிநடத்த, நுனியைப் பிடிப்பவர் அவருடைய சொல்லுக்கேற்ப உயர்த்தியும் தாழ்த்தியும் கொடுக்கிறார். நான்கு மீட்டர் நீண்ட இறக்கையின் நுனியைப் பத்து சென்டிமீட்டர் அசைத்தால், உள்ளே அரை மீட்டர்கூட இல்லாத நாக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே நகரும். ஆகவே துளைகளை நேர்படுத்தும் நுண்மை உண்மையில் நுனியில் நிற்பவரின் கையில்தான் இருக்கிறது. துளைகள் நேர்பட்டுவிட்டால், துடைத்து மசகு தடவிய ஊசி உள்ளங்கையின் அழுத்தத்துக்கே இறங்கும். இறங்காத ஊசியைச் சுத்தியலால் தட்டுவது இத்தொழிலில் மன்னிக்கப்படாத பிழை. ஊசி மறுக்குமானால் நுனி சரியில்லை என்றே பொருள். இறங்கிய ஊசி நழுவாதபடி அதன் தலையில் ஓர் ஊக்கு மாட்டப்பட்ட பிறகே நுனியில் இருப்பவர் கையை விடுகிறார்.

இறக்கை பூட்டப்படுவதோடு வேலை பாதியளவே முடிகிறது. இறக்கையின் பின்விளிம்பில் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான் மடலும், இறங்கும்போது வேகத்தைக் குறைக்க உதவும் ஃபிளாப் மடலும் உள்ளன. இவற்றை விமானியின் கைப்பிடியோடு இணைக்கும் கம்பிகளும் தண்டுகளும் ஒவ்வொரு முறையும் பிரிந்து மீண்டும் சேரவேண்டும். பூட்டும்போதே தாமாக இணைந்துகொள்ளும் அமைப்புகளும் உண்டு, கையால் இணைக்கவேண்டியவையும் உண்டு. பின்னதில், பந்தொன்று கிண்ணத்துள் அமரும் லோட்டெலியே இணைப்பு பழைய கிளைடர்களில் பரவலாக இருந்தது. அது சரியாக அமராமலே அமர்ந்ததுபோல் தோற்றமளித்து விபத்துகளுக்குக் காரணமானதால், பூட்டு விலகாமலிருக்க அதன்மேல் ஊக்கோ உறையோ கூடுதலாக இடும் வழக்கம் ஏற்பட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரிவதை நம்பாமல், ஒருவர் வெளியே நின்று மடலை அசையவிடாமல் பற்றிக்கொள்ள, உள்ளே அமர்ந்தவர் கைப்பிடியை அழுத்திப்பார்க்கும் சோதனையும் இவ்வனுபவத்தின் விளைவே. இணைப்பு உறுதியாக இருந்தால் கைப்பிடி எதிர்த்து நிற்கும்; இல்லையெனில் அது எளிதாக நகர்ந்து குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பயணத்தில் இறக்கைக்கு வானத்தைவிடச் சாலையே கொடியது. பறக்கும்போது சுமை பரப்பு முழுவதும் பரவி விழுகிறது. வண்டியிலோ இரண்டு தாங்கிகளின் மேல் மட்டும் குவிகிறது. அதனால் இறக்கையை முன்விளிம்பு கீழாக நிறுத்தி, மென்பஞ்சும் கம்பளித் துணியும் பொதிந்த, இறக்கையின் வளைவுக்கேற்ப வெட்டிய தொட்டில்களில் அமர்த்தி, அகன்ற பட்டைகளால் நெரிக்காமல் கட்டுகிறார்கள். மடல்கள் ஆடித் தேயாதபடி தனியே பூட்டப்படுகின்றன. வண்டியின் கனம் பின்பக்கம் மிகுந்தால் அது நெடுஞ்சாலையில் வாலாட்டத் தொடங்கும் என்பதால், காரின் கொக்கியில் ஓரளவு எடை அழுந்தும்படி உடற்பகுதியின் இடத்தைத் தேர்ந்து குறித்துவைப்பதும் இப்பணியில் அடங்கும். விமானத்தின் சொந்தச் சக்கரங்களிலேயே அதை நெடுந்தொலைவு இழுத்துச்செல்வதை அனுபவமுள்ளோர் தவிர்க்கிறார்கள்; ஓடுபாதையில் சில நொடிகள் உருள்வதற்காகச் செய்யப்பட்ட உருளைகள் சாலையில் நெடுநேரம் உருள்வதால் எழும் வெப்பத்தைத் தாங்குவதில்லை.

அமெரிக்க வான்போக்குவரத்து விதிகள், விரைவாகக் கழற்றுவதற்கென வடிவமைத்த கிளைடர் இறக்கைகளை உரிமம் பெற்ற மெக்கானிக் இல்லாமல் விமானியே கழற்றிப் பூட்ட இடம் தருகின்றன. இயக்க இணைப்பைக் கலைத்துச் சேர்த்தால் இரண்டாம் ஒருவர் தனியே பார்க்கவேண்டும் என்பது பிரிட்டனில் வேரூன்றிய நடைமுறை. முதலாவது உரிமையையும் இரண்டாவது பொறுப்பையும் சொல்கின்றன. கொட்டகை வாடகையை மிச்சப்படுத்தும் கட்டுநர், அந்தத் தொகையை ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் கவனத்தின் வடிவில் திருப்பிச் செலுத்துகிறார். அதனால்தான் பூட்டும் வேளையில் எவரும் அவரிடம் பேச்சுக்கொடுப்பதில்லை. இடையில் பேச்சு குறுக்கிட்டுவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதல் ஊசியிலிருந்தே மீண்டும் சரிபார்ப்பதுதான் முறை.