பாறைமேல் அமரும் ஜீப்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், ஜார்ஜ்டவுன் என்னும் சிற்றூருக்கும் டாஹோ ஏரிக்கும் இடையே கிடக்கும் ரூபிகான் தடம் 1887ஆம் ஆண்டிலேயே பொதுச்சாலையாக அறிவிக்கப்பட்டது என்றாலும், சுமார் 22 மைல் நீளமுள்ள அத்தடத்தின் கடினமான பகுதிகளைச் சாலை என்று சொல்லத் தாராள மனம் வேண்டும். அம்மிக்கல் அளவிலிருந்து மாட்டுவண்டி அளவு வரையிலான வெளிறிய கிரானைட் பாறைகளின் மீது, நடைவேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து செல்லும் ஜீப்புகளில் அடிக்கடி அடிவாங்கும் இடம், கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் ராக்கர் பேனல் என்னும் தகட்டுப் பெட்டியாகும். வீட்டு நிலைக்கு வாசற்படிக் கட்டை எப்படியோ அப்படியே கதவுச் சட்டத்துக்கு இப்பெட்டி. உள்ளே வெற்றிடமாக இருக்கும் இது நசுங்கினால் கதவு சட்டத்தில் சரியாகப் பொருந்தாது. அதைக் காப்பதற்காகப் பூட்டப்படும் இரும்புக் கவசமே ராக்கர் கார்டு.

அடி விழும் விதத்தை அறிந்தால்தான் கவசத்தின் தன்மை விளங்கும். முன்சக்கரம் பாறையில் ஏறும்வரை வண்டிக்கு இடரில்லை. ஏறிய சக்கரம் மறுபுறம் இறங்கும்போதுதான், அதுவரை டயர் தாங்கிய பாறையின் மீது கதவடி வந்து அமர்கிறது. சக்கர இடைவெளி கூடக் கூட, அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் நீள நீள, இந்த அமர்வு தவிர்க்க முடியாததாகிறது. 1997 முதல் 2006 வரை விற்பனையான டிஜே வகை ராங்லர் ஜீப்பில் 93.4 அங்குலமாக இருந்த இவ்விடைவெளி, இன்றைய நான்கு கதவு ராங்லரில் 118.4 அங்குலமாக நீண்டுள்ளது. பின்னிருக்கைக் குடும்பத்துக்குக் கிடைத்த வசதிக்கு விலை கொடுப்பது கதவடிதான்.

கவசங்கள் இருவகைப்படும். முதல்வகை, பாடியைத் தழுவும்படி வளைக்கப்பட்டு, ராக்கர் பேனலிலேயே போல்ட்டால் பூட்டப்படும் தகடு. 2003இல் வெளிவந்த ராங்லர் ரூபிகான் ஜீப்பில் தொழிற்சாலையே பொருத்தித் தந்த, மேற்பரப்பில் சாய்சதுரப் புடைப்புகள் கொண்ட தகடு இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாம் வகை, வண்டியின் முதுகெலும்பாகிய சேஸிஸிலிருந்து கிளைத்து நீளும் கைகளின் முனையில் கதவடிக்கு இணையாக ஓடும் இரும்புக் குழாய். பாறையில் சறுக்கிக் கடக்க உதவுவதால் இதனை ராக் ஸ்லைடர் என்பர். இரண்டுக்குமுள்ள வேறுபாடு தோற்றத்தில் இருப்பதைவிட எடை செல்லும் வழியில் இருக்கிறது. தகட்டின் மீது அமரும் வண்டியின் எடை பாடி வழியாகவும், குழாயின் மீது அமரும் எடை நேராகச் சேஸிஸ் வழியாகவும் பாறையில் இறங்குகிறது. சேஸிஸ் மீது பாடி ரப்பர்த் திண்டுகளில் அமர்ந்திருப்பதால் இரண்டும் தனித்தனியே அசையும். ஆகவே சேஸிஸில் பூட்டிய குழாய்க்கும் கதவடிக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளியாவது விடப்படுகிறது. இடைவெளி போதாத குழாய், காக்க வேண்டிய தகட்டையே கீழிருந்து இடித்துவிடும். கடைகளில் பளபளப்பாக மின்னும் கால்படிக் குழாய்களை இவ்விரு வகையிலும் சேர்க்க இயலாது. ஏறி இறங்கும் ஆளின் எடைக்கெனச் செய்யப்பட்ட அவை, வண்டியின் எடை ஏறியதும் மடங்கிக் கதவின் கீழ்விளிம்பில் குத்துவதால், பாறைத் தடத்தில் அவை இல்லாதிருப்பதே நலம்.

பொருளைத் தேர்வதில் பட்டறைக்காரர்களிடையே கருத்து வேறுபாடு அதிகமில்லை. தகடு என்றால் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, அதாவது சுமார் 4.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு. குழாய் என்றால் 1.75 அங்குல வெளிவிட்டமும் 0.120 அங்குலச் சுவர்த் தடிமனும் பரவலாக வழங்கும் அளவு. பட்டையைச் சுருட்டி ஓரங்களை மின்தடை வெப்பத்தால் ஒட்டிச் செய்யும் மலிவான குழாயும் உண்டு. அவ்வாறு ஒட்டியதை உள்ளே ஓர் உருளை அச்சை நிறுத்திக் குளிர்நிலையில் இழுத்துச் சீராக்கிய டிஓஎம் குழாயும் உண்டு. குளிர்நிலையில் இழுபட்ட உலோகம் இறுகி வலுப்பெறுவதால் வளைவதற்கு முன் கூடுதல் சுமையைத் தாங்கும். வண்டியின் முழுச்சுமையும் ஒரே புள்ளியில் இறங்கக்கூடிய இடத்தில் மிச்சம் பிடிப்பது சரியன்று. எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கொண்ட அலுமினியம் ஆசை காட்டினாலும், மென்மையான அவ்வுலோகம் கூரான பாறையில் வழுக்குவதற்குப் பதில் கடிபட்டு நின்றுவிடுகிறது.

தகட்டுக் கவசத்தைப் பொருத்தும் வேலையை அருகிருந்து காண்பவருக்கு, அதில் பெரும்பங்கு துளையிடுவதிலும் துளையைப் பேணுவதிலும் கழிவது வியப்பளிக்கும். தொழிலாளி தகட்டை ஜாக்கியின் தலையில் மரக்கட்டை வைத்துத் தூக்கிக் கதவடியோடு ஒட்டி நிறுத்துகிறார். கதவைத் திறந்து மூடிப் பார்த்த பின்னரே துளைகளின் இடத்தைக் குறித்துக்கொண்டு தகட்டை இறக்குகிறார். சுத்தியும் கூர்முனை ஆணியும் கொண்டு ஒவ்வொரு குறியிலும் சிறு குழி பதித்து, சிறிய துளையிட்டு, பின்னர் அதைப் பெரிதாக்குகிறார். அடுத்து வரும் செயல்தான் நல்ல பட்டறையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது: சிறுவர் படம் வரையும் தூரிகையைப் போன்ற ஒன்றைப் பிரைமரில் தோய்த்து, துளையின் விளிம்பு முழுவதும் தடவி, அது உலரும்வரை அடுத்த வேலைக்குச் செல்லாமல் காத்திருக்கிறார். வெட்டுப்பட்ட விளிம்பில் சாயம் இல்லாததால் துரு அங்கேதான் பிறக்கும். உலர்ந்த துளையில் ரிவெட் நட் நுழைக்கப்படுகிறது. பெட்டியின் உட்புறத்தில் கைநுழைத்து நட்டைப் பிடிக்க வழியில்லாத இடங்களுக்கென அமைந்த இது, கருவியால் இழுக்கப்படும்போது பின்பக்கம் புடைத்துத் தகட்டை உள்ளிருந்து கவ்விக்கொள்ளும்.

ராக்கர் பேனலின் அடியில் நீர் வடிவதற்கான சிறு துளைகள் உள்ளன. மழைநீரும் ஓடைநீரும் அவற்றின் வழியே வெளியேறுவதால், கவசத்தகடு அவற்றை மூடிவிட்டால் பெட்டிக்குள் சேறு தங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும். பாறையிலிருந்து காக்கப்பட்ட கதவடி துருவுக்குப் பலியாகும். வடிதுளைகளுக்கு நேர் கீழே தகட்டில் வெட்டு விடப்பட்டுள்ளதா என்பதே, வாங்குவோர் விலைக்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி.

குழாய்க் கவசத்துக்காகச் சேஸிஸில் வெல்டிங் செய்வது வேறொரு தேர்ச்சியைக் கோரும் பணி. பேட்டரியின் இணைப்பு முதலில் கழற்றப்படுகிறது; சேஸிஸை ஒட்டி ஓடும் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் விலக்கப்படுகின்றன அல்லது தீத்தாங்கும் துணியால் மூடப்படுகின்றன. தாங்குகையை நேரடியாக ஒட்டாமல், சாய்சதுரமாக வெட்டிய பட்டைத் தகட்டை இடையில் வைத்து ஒட்டுவது வழக்கம். சேஸிஸின் குறுக்கே மேலிருந்து கீழாக நேர்கோட்டில் வெல்டிங் ஓடினால், வெப்பத்தால் இயல்பு மாறிய அக்கோட்டிலேயே நாளடைவில் விரிசல் காணக்கூடும் என்பதே காரணம். தனிச் சேஸிஸ் இல்லாத, 1984 முதல் 2001 வரை அமெரிக்காவில் விற்பனையான எக்ஸ்ஜே வகை செரோக்கி போன்ற வண்டிகளில் ராக்கர் பேனலே சுமைதாங்கும் உறுப்பாதலால், சுமையைப் பல இடங்களில் பரப்பும் அகலத் தகடுகள் வேண்டப்படுகின்றன. 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய மஹிந்திராவின் இன்றைய தார் வண்டி, தனிச் சேஸிஸ் கொண்டது என்பதால், ராங்லருக்குச் சொன்னவை பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

வேலை முடிந்ததும் கவசத்தின் நடுவில் ஜாக்கி வைத்து ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்வரை தூக்கிப் பார்க்கப்படுகிறது. அந்நிலையிலும் கதவு உரசாமல் திறந்து மூடினால் வண்டி உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும். பூசிச் சூளையில் சுடும் பவுடர் பூச்சு வேண்டுமா என்று கேட்போருக்கு அனுபவமுள்ள தொழிலாளி பெரும்பாலும் சாதாரணக் கறுப்புச் சாயத்தையே பரிந்துரைக்கிறார். பாறை கீறிய இடத்தில் பவுடர் பூச்சின் அடியே நீர் புகுந்து துரு மறைவாகப் பரவும். சாயமோ, தடத்திலிருந்து திரும்பிய மறுநாள் வீட்டு வாசலிலேயே ஒரு டப்பா ஸ்பிரேயால் மீண்டும் அடித்துக்கொள்ளத் தக்கது. அந்த மறுநாளிலேயே எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட வேண்டும்.