வீணாகிறதே என்று வைத்த சோறு

“வீணாத்தானே போகுது, மாட்டுக்காவது வைப்போம்.” மாடு வளர்க்கும் வீட்டில் இந்த வார்த்தையைச் சொல்லாத பெண் உண்டா? நானும் சொன்னவள்தான். சொன்னதோடு நில்லாமல் செய்தும் விட்டேன். எங்கள் லட்சுமியை எமன் வாசல் வரை கொண்டு போய் விட்டது அந்த வார்த்தைதான். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் என்னைப் போல் ஒன்றிரண்டு மாடு வைத்துக் குடித்தனம் நடத்தும் சகோதரிகளுக்குப் பயன்படுமே என்று எழுதுகிறேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. ஒரு ஏக்கர் நிலம். அது சாப்பாட்டு அரிசிக்குச் சரி. மற்ற செலவுக்கெல்லாம் லட்சுமிதான். என் வளையல் இரண்டை அடகு வைத்து வாங்கிய ஜெர்சி கலப்பின மாடு. இரண்டாவது ஈத்தில் காலையும் மாலையுமாக 8 லிட்டர் கறந்தாள். வீட்டுக்கு ஒரு லிட்டர் போக மீதி சொசைட்டிக்கு. பையனின் பாலிடெக்னிக் ஃபீஸ், அத்தையின் மருந்து, மளிகைக் கடை பாக்கி எல்லாம் அந்தப் பாலில்தான்.

2019 ஆவணியில் பெரிய பெண்ணுக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு. ஐந்து வகை சாதம், சர்க்கரைப் பொங்கல், பாயசம் என்று பிரமாதமாகச் சமைத்தோம். பாழாய்ப் போன மழை அன்றைக்கென்று பிடித்துக்கொண்டது. வரவேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. அக்கம்பக்கத்தில் கொடுத்தது போகவும் இரண்டு கூடை சாதமும் அரைக் குண்டான் சர்க்கரைப் பொங்கலும் மீந்து விட்டன. கொட்ட மனசு வருமா? “நம்ம பொண்ணு விசேஷம், அவளும் சாப்பிடட்டுமே” என்று சாயங்காலம் அத்தனையையும் லட்சுமியின் தொட்டியில் கொட்டினேன். அவள் ஆசையாய் நக்கி நக்கித் தின்றதைப் பார்த்து எனக்கு உள்ளம் குளிர்ந்து போயிற்று.

விடிகாலை கறக்கப் போனால் லட்சுமி தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறாள். அசை போடவில்லை. இடப்பக்க வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடிக்கிறாள். சாணி தண்ணீராய்ப் போயிருந்தது. அதில் ஒரே புளித்த வாடை. மடியில் அரை லிட்டர் கூட இல்லை. அத்தை, “கண் பட்டுப் போச்சு” என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். எட்டு மணிக்கு லட்சுமி படுத்து விட்டாள். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

கால்நடை டாக்டர் வந்தார். “நேத்து என்னம்மா தீனி வச்சீங்க?” என்றார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் திண்ணையில் நிற்கிறார்கள். மாட்டுக்கு என்ன வைப்பது என்று கூடத் தெரியாதவள் என்று நினைப்பார்களே! “வழக்கம் போலத்தாங்க. வைக்கோலும் தவிடும்” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். சாணியைக் குச்சியால் கிளறினார். “நீங்க சொல்றது ஒண்ணு, சாணி சொல்றது ஒண்ணா இருக்கே” என்றார். எனக்கு அழுகை வந்து விட்டது. உண்மையைச் சொன்னேன். “இதை முதல்லயே சொல்லணும்மா. எவ்வளவு தின்னுச்சு, எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சாத்தானே வைத்தியம் பண்ண முடியும்?” என்று கடிந்து கொண்டே வாய் வழியாகக் குழாய் விட்டு மருந்தை உள்ளே செலுத்தினார். கழுத்து நரம்பில் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார். நான் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் லட்சுமி எழுந்து நின்று மெல்ல அசை போட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

“நான் அம்பது வருஷமா கழுநீர்த் தொட்டியில சோத்தைப் போட்டிருக்கேனே, ஒண்ணும் ஆனதில்லையே” என்று அத்தை டாக்டரிடம் கேட்டார்கள். “ஒரு பிடி சோறு வேற, ரெண்டு கூடை சோறு வேற, பாட்டி” என்றார் அவர். பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினார்.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறை ஒரு பெரிய பானை மாதிரி. அதில் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வைக்கோலையும் புல்லையும் செரிக்க வைப்பவை அவைதான். நாம் மாட்டுக்குத் தீனி போடுவதாக நினைக்கிறோம். உண்மையில் முதலில் சாப்பிடுவது அவை. வைக்கோல் தின்றால் மாடு மணிக்கணக்கில் அசை போடும். அப்போது குடம் குடமாக உமிழ்நீர் சுரந்து உள்ளே போகும். நாம் ஆப்பத்துக்குப் போடுகிறோமே சோடா, அதே காரம் அந்த உமிழ்நீரில் இருக்கிறது. அதனால் வயிறு புளிக்காது. சோற்றை அசை போட வேலையே இல்லை. உமிழ்நீரும் சுரக்காது. மாவுச்சத்தும் வெல்லமும் ஒரேயடியாகச் சேர்ந்தால் இராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு போல் பொங்கிப் புளிக்கும். அந்தப் புளிப்பில் நல்ல நுண்ணுயிர்கள் செத்துப் போகும். புளிப்பு இரத்தத்திலும் ஏறினால் மாடே போய் விடும். பொங்கல் சமயத்திலும் கல்யாண முகூர்த்த நாட்களிலும் இப்படி மாடுகள் சாவது உண்டாம்.

லட்சுமி பிழைத்தாள். ஆனால் அந்த ஈத்து முழுக்க 5 லிட்டருக்கு மேல் கறக்கவில்லை. பையனின் ஃபீஸுக்கு மிச்சமிருந்த வளையலும் அடகுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன கணக்குப்படிதான் தீனி. 8 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஒரு நாளைக்குப் பசும்புல் 15 முதல் 20 கிலோ, வைக்கோல் 4 அல்லது 5 கிலோ. அடர்தீவனம் உடம்புக்கு ஒன்றரை கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை அல்லது 3 லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. அதையும் ஒரே வேளையில் கொட்டக் கூடாது. கறக்கும் வேளைக்கு ஒன்றாக இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும்.

அடர்தீவனத்தை நானே கலக்கிறேன். 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 35, புண்ணாக்கு 30, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1 கிலோ. மக்காச்சோளத்தை ரவை போல் உடைத்தால் போதும், மாவாக அரைக்கக் கூடாது. கொல்லையில் வேலி ஓரம் அகத்தியும், சாக்கடைத் தண்ணீர் பாயும் இடத்தில் கம்பு நேப்பியர் புல்லும் வைத்திருக்கிறேன். அவற்றைப் போட்டால் புண்ணாக்குச் செலவு குறைகிறது. குடிக்க நல்ல தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் குடம் கணக்கில் குடிப்பாள்.

இன்னொரு விஷயம். புதுத் தீனி எதுவானாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஏழெட்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். வைக்கோலைக் குறைத்துத் தவிடும் மாவுமாக ஏற்றினால் பாலில் கொழுப்பு குறையும், சொசைட்டியில் விலையும் குறையும். மாடு அசை போடுகிறதா என்று தினம் இருவேளை பாருங்கள். அசை நின்றால் கை வைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். என்ன வைத்தீர்களோ அதை அப்படியே சொல்லுங்கள். என் பொய்யால் போன நேரம் கொஞ்சம்தான். அதுவே இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் தொழுவம் காலியாகியிருக்கும்.

வளைகாப்பு நடந்த பெண்ணுக்குப் பிறந்த பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். லட்சுமியின் கன்று இரண்டு ஈத்து போட்டு விட்டது. போன மாட்டுப் பொங்கலன்று பேரன் ஒரு தட்டு நிறையச் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக் கொண்டு தொழுவத்துக்கு ஓடினான். “பாவம் பாட்டி, அதுக்கும் பசிக்கும்ல” என்றான். அவன் கையிலிருந்த தட்டை வாங்கி, ஒரு சின்ன உருண்டையை மட்டும் வாழை இலையில் வைத்து அவன் கையாலேயே ஊட்டச் சொன்னேன். மீதிக்கு ஒரு கட்டுப் பசும்புல்லைத் தூக்கிக் கொடுத்தேன்.

“இதுதாண்டா கண்ணு அதுக்குப் பொங்கல்” என்றேன்.