கெட்டக் கூடாத கயிறு

கப்பல் எலக்ட்ரானிக்ஸ் வேலை கற்கச் சேர்ந்த மூன்றாவது வாரம். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த தோணியில், ஆபத்தில் அபாயச் செய்தி அனுப்பும் பீக்கனை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். மஞ்சள் உடம்பு, தலையில் விளக்கு, குச்சி ஆண்டெனா. தாங்கியிலிருந்து கழற்றித் துடைத்து, உப்புத் தண்ணீர் தேங்கிய தளத்தில் வைத்துவிட்டுத் திரும்பினேன். விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணாச்சி பாய்ந்து வந்து ஈரத்தைத் துடைத்துத் தாங்கிக்குள் செருகினார். தாங்கியில் உள்ள காந்தம்தான் அதை உறங்க வைப்பது. வெளியே எடுத்தபின் தண்ணீர் பட்டால் கடலில் விழுந்ததாகக் கொண்டு விழித்துவிடும். ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒரு முறை, 406 மெகாஹெர்ட்ஸில், தன் அடையாள எண்ணைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். பெங்களூரில் உள்ள இஸ்ரோ மையம் வழியாகக் கடலோரக் காவல்படைக்குச் செய்தி போகும். என்னைத் திட்டுவதற்கு முன் அண்ணாச்சி அவர்களுக்குப் போன் போட்டு, தோணியின் பெயர், எண், நேரம் எல்லாம் சொன்னார்.

"சிக்னல் போயிருக்காதுன்னு சும்மா இருக்கக்கூடாதுல. நெசமாத் தவிக்கிறவனுக்குப் போக வேண்டிய ஆளு நம்மளத் தேடி வந்துருவான்."

ஆனால் அவர் முகம் உண்மையில் மாறியது, பீக்கனின் கயிற்றைப் பார்த்தபோதுதான். அது கைப்பிடிக் கம்பியில் இறுக முடியப்பட்டிருந்தது.

"களவு போயிருமேன்னு கெட்டினேன் அண்ணாச்சி," என்றார் தோணியை ஓட்டும் தண்டல்.

தோணி மூழ்கினால் 4 மீட்டர் ஆழத்துக்குள் நீரின் அழுத்தமே ஒரு கத்தியைத் தட்டிவிட்டுத் தாங்கியின் போல்ட்டை அறுக்கும். பீக்கன் தானாக மேலே வரும். கம்பியில் கட்டினால் தோணியோடு அதுவும் அடிக்குப் போய்விடும். "தண்ணியில எறங்கின பெறகு ஒங்க இடுப்புல கெட்டுங்க. அதுக்குத்தான் இந்தக் கயிறு," என்று சொல்லி, முடிச்சை என்னை அவிழ்க்கச் சொன்னார். உப்பேறி இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. அந்த முடிச்சை இன்றும் விரல் மறக்கவில்லை.

அறுக்கும் கருவிக்கு 2 ஆண்டுதான் ஆயுள். தேதி தாண்டியிருந்ததால் மாற்றினோம். பிறகு பீக்கனின் பதிவுத் தாள். அதிலிருந்த தொடர்பு எண் தோணியை விற்றுவிட்டுப் போன பழைய முதலாளியுடையது. நள்ளிரவில் அபாயச் செய்தி வந்தால், தோணி எங்கே போனது, எத்தனை பேர் போனார்கள் என்று கேட்க மீட்பு மையத்துக்கு இருப்பது அந்த எண்தான்.

தண்டல் தன் வீட்டு எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். சரிபார்க்க அழைத்தேன். எடுத்த அம்மா, நான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள், "தோணி கெளம்பிட்டா?" என்றார்.

"இன்னும் இல்லக்கா. சரக்கு ஏத்துறாங்க," என்றேன்.