சமையற்கட்டில் ஒலிக்காத மணி

ஒரு வீட்டுக்குத் தொலைபேசி வருகிறதென்றால், அந்நாளில் வந்தது இரண்டே இரண்டு செம்புக் கம்பிகள்தாம். கூடத்தில் ஒன்று, மாடியில் ஒன்று, சமையற்கட்டில் ஒன்று என்று எத்தனை போன்களை வைத்தாலும் அத்தனையும் அந்த இரண்டு கம்பிகளையே நம்பி நிற்கும். ஒரே சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் இருப்பதைப் போலத்தான் இதுவும். பங்கீடு சரியில்லை என்றால் கடைசியில் நிற்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. வயர்மேன் வேலையிலேயே காலம் கழித்த எனக்கு இதை நன்றாக உணர்த்தியது ஈப்போவில் ஒரு பெரிய வீடு.

1987 ஜனவரி முதல் நாள், தொலைத்தொடர்பு இலாகா நடத்திவந்த சேவையைச் சியாரிக்காட் டெலிகோம் மலேசியா நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதற்கு மறு ஆண்டு, லாரி தொழில் செய்த ஒரு முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாடி வீடு, பத்து அறைகள், ஒரே லைன், ஏழு போன்கள். "ஒருத்தர் பேசினால் வீடே கேட்கிறது, தம்பி. வியாபாரம் பேச முடியவில்லை" என்றார். அவருடைய குறை அதுதான்.

இன்னொரு குறையை நான் சமையற்கட்டில் கேட்டேன். அங்கே வேலை செய்த அக்கா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். முதலாளியின் வயதான தாயாரைக் கவனிப்பதும் அவர்தான். சுவரில் இருந்த போனைக் காட்டி, "இது இருக்கிறது என்றுதான் பேர், தம்பி. அடிக்கவே அடிக்காது" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன் தோட்டத்தில் அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். ஆபீஸ் கிராணியார் பகலில் மூன்று முறை போன் செய்திருக்கிறார். மாடியில் ஆள் இல்லை. கீழே மணி கேட்கவில்லை. பஸ்ஸில் வந்த ஒருவர் சொல்லி மறுநாள் தெரிந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. அக்கா போய்ச் சேர்ந்தது பால் தெளிக்கத்தான்.

அந்நாளைய தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். போன் ஆபீசிலும் துரை பங்களாவிலும் இருக்கும், லயத்தில் இருக்காது. செய்தி சொல்ல ஒரு கிராணியார் மனம் வைப்பதே பெரிது. அவர் மனம் வைத்தும், மணி கை கொடுக்கவில்லை.

காரணத்தைத் தேடினேன். போன் சும்மா இருக்கும்போது அந்தக் கம்பிகளில் ஏறக்குறைய 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். அழைப்பு வரும்போது மணியை அடிக்க 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரத்தை எக்ஸ்சேஞ்சு அனுப்பும். அந்த வேகம் பொதுவாக நாலைந்து மணிகளுக்குத்தான் போதும். இங்கே ஏழு மணிகள்! அதிலும் சமையற்கட்டுக்குப் போன ஒயர் மெல்லியது. கூடத்திலிருந்து மாடி ஏறி, மறுபடி கீழிறங்கி வந்தது. குழாயடிச் சுவரில் ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து அழைக்கச் சொல்லிவிட்டு, மாடிப் போன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்றைக் கழற்றி, அந்த இணைப்பையும் புதுப்பித்த பிறகு சமையற்கட்டு மணி கணீரென்று அடித்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தேன்.

ஏழு இடத்திலும் போன் வேண்டும் என்பதால், சிறிய எக்ஸ்சேஞ்சுப் பெட்டி ஒன்றை வைப்பதென்று முடிவாயிற்று. வெளி லைன் பெட்டிக்கு வரும். பெட்டியிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி ஜோடிக் கம்பி போகும். ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போகக் கூடாது. ஒவ்வொரு மணியையும் பெட்டியே அடிப்பதால் வேகம் குறையாது. ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்கவும் முடியாது. மின்சார ஒயர் போகும் குழாயில் போன் ஒயரை நுழைக்கவில்லை. நுழைத்தால் இரைச்சல் வரும், ஆபத்தும் உண்டு. இணைப்புகளை எல்லாம் ஈரம் படாத பெட்டிக்குள் வைத்தேன்.

அந்தப் பெட்டி வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. கரண்டு போனால் அதுவும் படுத்துவிடும். அப்போது ஒரே ஒரு போன் மட்டும் வெளி லைனோடு நேராகச் சேர்ந்துகொள்ளும்படி அதில் வசதி இருந்தது. அந்த ஒன்று எங்கே இருப்பது?

"என் ஆபீஸ் அறையில் வை" என்றார் முதலாளி.

"ஐயா, இருட்டில் உங்கள் தாயாருக்கு ஏதாவது என்றால் அக்கா மாடிப்படி ஏறி ஓட வேண்டுமே. டாக்டரைக் கூப்பிடுகிறவர் அவர்தானே?" என்றேன். அண்ணன் கதையையும் சொன்னேன். அது அவர் காதுக்கு எட்டவே இல்லையாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "சமையற்கட்டிலேயே வை" என்றார். வெளியிலிருந்து வரும் அழைப்பும் கூடம், சமையற்கட்டு இரண்டிலும் ஒரே சமயத்தில் ஒலிக்கும்படி செய்தோம்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் கரண்டு போனபோது, முதலாளியே டார்ச்லைட்டோடு சமையற்கட்டுக்கு வந்து, அக்கா நகர்த்திப் போட்ட முக்காலியில் உட்கார்ந்து லாரிக்காரர்களோடு பேசினாராம். அக்கா இதைச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது கைப்பேசி எல்லார் கையிலும் வந்துவிட்டது. பல வீடுகளுக்குச் செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்திருக்கிறது. அதோடு இணைத்த வீட்டுப் போன், பேட்டரி ஏற்பாடு இல்லாவிட்டால், கரண்டு போனதும் ஊமையாகிவிடும். பழைய போன் அப்படியில்லை. எக்ஸ்சேஞ்சின் மின்சாரத்திலேயே பேசியது. ஆகவே வயதானவர்கள் இருக்கும் வீட்டில் சார்ஜ் ஏற்றிய கைப்பேசி ஒன்று அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒயர் உள்ள போனாக இருந்தால் இடி மின்னல் நேரத்தில் தொடாதீர்கள்.

வீட்டில் போன் வைக்கும்போது எந்த அறைக்கு அழகு என்று பார்ப்பவர்களே அதிகம். பகல் முழுதும் வீட்டில் இருப்பவர் யார், மணி யார் காதில் விழ வேண்டும் என்பதை முதலில் கேளுங்கள். அதற்கு ஒரு சென்கூடச் செலவில்லை.